கரண்டைக்கால் முதல் இடுப்பு வரை

தாமிரபரணி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அம்பாசமுத்திரத்தில் கேட்டுப் பாருங்கள். கனஅடிக் கணக்கு யார் வாயிலும் வராது. அது பேப்பரில் அணை நீர்மட்டத்தோடு அச்சாகும் சமாச்சாரம். படித்துறையில் ஈரத்துண்டோடு நிற்பவர் சொல்வது வேறு: கரண்டைக்கால் நனையும், முட்டளவு, இடுப்பளவு, மாரளவு. அதற்கும் மேலே போனால் ‘நிலைக்காது.’ கால் ஊன்றாது, பிள்ளைகளை இறக்காதே என்ற எச்சரிக்கையும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். இங்கே அளவுகோல் ஆளின் உடம்புதான்.

2012 செப்டம்பர் 27 அன்று செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய ஓர் ஓடையின் ஆழத்தை நாசா விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தக் குழுவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து வில்லியம் டீட்ரிச் சொன்ன அளவு, கரண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில். வேகம் விநாடிக்குச் சுமார் மூன்றடி. அந்த ஓடை வற்றி முந்நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதில் இறங்கிக் குளித்தவர் யாரும் இல்லை. எட்டிப் பார்க்கக்கூட ஆள் போகவில்லை. இருந்தும் ‘இடுப்பளவு’ என்று ஒருவர் துணிந்து சொல்கிறார். அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் சில கற்களின் விளிம்பு. அதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

நாசாவின் க்யூரியாசிட்டி ஊர்தி 2012 ஆகஸ்ட் 6 அன்று கேல் என்ற பெரும்பள்ளத்தில் இறங்கியது. ஏதோ ஒரு பழைய மோதலில் விழுந்த பள்ளம் அது. குறுக்கே 154 கிலோமீட்டர். இறங்கும்போது எஞ்சின்கள் பீய்ச்சிய வேகத்தில் தரையின் தூசி பறந்து, அடியில் இருந்த சரளைப் படுகை ஒன்று வெளியே தெரிந்தது. அதற்குக் கூல்பர்ன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கையளவு தூசியைத் தள்ளியதும் முதல் சாட்சி வந்து நின்றுவிட்டது. வேண்டுமென்று தேடப் போயிருந்தால் இத்தனை சீக்கிரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். பிறகு ஊர்தி நகர்ந்து போகிற வழியில் இன்னும் இரண்டு பாறைகள் அகப்பட்டன. ஒன்று லிங்க், மற்றது ஹோட்டா. பெயர்கள் கனடாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து எடுத்தவை. ஹோட்டா அங்கே ஒரு ஏரி.

ஹோட்டாவின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை. செம்மண் நிறத் தரை, அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உடைந்து கிடக்கும் பலகைப் பாறை, கனம் ஒரு சாணுக்கும் குறைவு. அழகென்று சொல்ல எதுவும் கிடையாது. கண்ணை உடைந்த விளிம்புக்குக் கொண்டு போனால்தான் விஷயம். அந்த விளிம்பு ஒரே கல்லாக இல்லை. மணலும் பொடிக்கற்களும் கெட்டிப்பட்டு, கான்கிரீட் உடைத்தால் ஜல்லி துருத்துமே, அப்படிச் சிறு சிறு கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிறிய கல் ஒன்று, பக்கத்திலேயே கருத்தது ஒன்று. ஒரே அளவு கிடையாது. 2 மில்லிமீட்டர் முதல் 40 மில்லிமீட்டர் வரை எல்லாம் கலந்து. பிடி தளர்ந்த சில கீழே உதிர்ந்து கிடக்கின்றன. சிலவற்றுக்கு முனை இருக்கிறது. சிலவற்றுக்கு முனையே இல்லை, வழுவழுவென்று உருண்டிருக்கின்றன.

அந்த முனை இல்லாத கற்கள்தான் செய்தி.

நாசா இதே போன்ற லிங்க் பாறையின் படத்துக்குப் பக்கத்தில் பூமியின் ஆற்றுச் சரளைப் பாறை ஒன்றின் படத்தையும் ஒட்டி வைத்து வெளியிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. தாமிரபரணிக்காரர்களுக்கு அந்த இரண்டாவது படம் அவசியமில்லை. பாபநாசத்திலிருந்து அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்கு, பஸ்ஸில் பத்துக் கிலோமீட்டர் போல. அந்தத் தூரத்தை ஆற்றோரமாகவே வந்தால் எல்லாம் கிடைத்துவிடும். மலைக்குள்ளே, பாறை பிளந்து விழுந்த இடத்தில், கல்லின் விளிம்பு கையைக் கிழிக்கும். பொதிகைப் பக்கத்துக் கருங்கல் உடைந்தால் அப்படித்தான் உடையும். அகத்தியர் அருவியைத் தாண்டி ஆறு சமவெளியில் கால் வைக்கும்போது விளிம்பு மழுங்கத் தொடங்கியிருக்கும். அம்பாசமுத்திரத்துக்கும் எதிர்க்கரைக் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே, கோடையில் தண்ணீர் ஒதுங்கி ஓடும்போது, சரளைத் திட்டுகள் தலைகாட்டும். அங்கே ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் போதும்.

நல்ல கல்லாக ஒன்று பொறுக்குவோம். உள்ளங்கையில் அடங்குவது, கறுப்பு, நடுவே வெள்ளைக் கோடு ஓடுவது. ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் தட்டையாக இருக்கும். அது மலையில் உடைந்த அன்றைய முகம், முழுதும் போகவில்லை. மூலைகள் மட்டும் போய்விட்டன. வெள்ளைக் கோட்டின் மேல் கட்டைவிரலைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை மேடு தட்டும். அந்த வெள்ளை குவார்ட்ஸ், சுற்றியுள்ள கல்லைவிடக் கடினம். மற்றது தேய்ந்த வேகத்துக்கு அது தேயவில்லை, அதனால் மேலே நிற்கிறது. எத்தனை வெள்ளம் சேர்ந்து செய்த வேலை இந்த மேடு என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிகிறது.

கல் தேய்வதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆற்றடியில் உருளும் கல் மற்றக் கற்களில் மோதும்போது அடி விழுவது துருத்திய இடத்தில்தான். ஆகவே மூலை முதலில் போகும். மூலை போகும் வரைக்கும் கல்லின் நீளமும் அகலமும் அநேகமாகக் குறைவதே இல்லை. ஆள் உயரம் அப்படியே இருக்க, முழங்கைகள் மட்டும் காணாமற் போகின்றன. மூலைகள் எல்லாம் தீர்ந்து வடிவம் உருண்ட பிறகுதான் கல் மொத்தமாகச் சிறுக்க ஆரம்பிக்கும், அதுவும் மெதுவாக. புடாபெஸ்டில் கணித ஆசிரியராக இருக்கும் காபோர் டோமோகோஷும் அவர் கூட்டாளிகளும் இதைக் கணக்கில் எழுதிக் காட்டினார்கள். சும்மா எழுதவில்லை. சுண்ணாம்புக்கல் துண்டுகளைச் சுழலும் டிரம்மில் போட்டு உருட்டி, அவ்வப்போது எடுத்து எடை பார்த்து, நிழலுருவை அளந்து, பிறகு போர்ட்டோ ரிக்கோவின் மலையாறு ஒன்றில் இறங்கிக் கல் கல்லாகச் சரிபார்த்தார்கள்.

இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், கல் புறப்பட்டபோது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. இப்போதைய நிழலுரு ஒன்று போதும். விளிம்பு எவ்வளவு உருண்டிருக்கிறது என்பதிலிருந்து எடையில் எத்தனை பங்கு போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். எடை போனதிலிருந்து வந்த தூரத்தைச் சொல்லலாம். 2015-இல் டிமேயா சாபோ, டோமோகோஷ், ஜான் குரோட்சிங்கர், டக்ளஸ் ஜெரோல்மாக் ஆகிய நால்வரும் ஊர்தி எடுத்த படங்களில் இருந்த செவ்வாய்க் கற்களின் விளிம்பைக் கோடு கோடாக வரைந்து அளந்தார்கள். விடை: கல்லில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்து போயிருக்கிறது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உருண்டு வந்திருக்கிறது. தொட்டுப் பார்க்கவில்லை, எடை போடவில்லை. தொலைவில் நின்ற கேமரா அனுப்பிய படத்தில் ஒரு கல்லின் ஓரம், அவ்வளவே கையிலிருந்த முதல். பொதிகை உச்சியில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேரும்வரை ஓடும் தூரத்தில் அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மழைக்கு வழிந்து நின்ற ஓடை அத்தனை தூரம் கல் உருட்டாது.

காற்று உருட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். செவ்வாயில் புழுதிப் புயல் பிரசித்தம். ஆனால் அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் காற்றால் மணலை நகர்த்த முடியும். நாலு சென்டிமீட்டர் கல்லை அசைக்க முடியாது. கல்லின் பருமனே காற்றின் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்த நுணுக்கம் ஈர்ப்புக் கணக்கில் இருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் நூற்றுக்கு 38 பங்கு. அப்படியானால் தண்ணீர் சரிவில் இறங்கும் இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். கல்லைத் தள்ளும் பலம் போதாது என்று நினைப்போம். ஆனால் கல்லின் எடையும் அதே பங்குக்குக் குறைந்திருக்கிறதே! தள்ளுகிற கையும் இளைத்தது, தள்ளப்படுகிற பாரமும் இளைத்தது. இரண்டு பக்கமும் அடித்துவிட்டால் ஈர்ப்பு என்பதே கணக்கில் மிஞ்சாது. ஒரே சரிவு, ஒரே கல் என்றால் அதை அசைக்க அம்பையில் எத்தனை ஆழம் வேண்டுமோ செவ்வாயிலும் அத்தனையே. வேகம் மட்டும் வித்தியாசப்படும். அங்கே தண்ணீர் நம் ஆற்றின் வேகத்தில் சுமார் அறுபது சதவீதத்தில் நிதானமாக நடந்து வரும். முட்டளவுத் தண்ணீர் இரண்டு உலகத்திலும் முட்டளவுத் தண்ணீரின் வேலையைத்தான் செய்கிறது. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

முதல் அறிவிப்பில் கரண்டைக்கால் முதல் இடுப்பு வரை என்றவர்கள், 2013-இல் ரெபெக்கா வில்லியம்ஸ் தலைமையில் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரையாக எழுதும்போது எண்ணைச் செதுக்கிக்கொண்டார்கள். ஆழம் 3 சென்டிமீட்டர் முதல் 90 சென்டிமீட்டர். வேகம் விநாடிக்கு 20 முதல் 75 சென்டிமீட்டர். 90 என்பது இடுப்பு, சரி. 3 என்பது கரண்டைக்கு எட்டாது, பாதம்தான் நனையும். பேட்டியில் சொன்னதைக் கட்டுரையில் கொஞ்சம் இறக்கிக்கொண்ட இந்த நேர்மையும் ரசிக்கத் தக்கது. அந்தக் கற்கள் அசைவதற்கு வேண்டிய அளவு அது, ஓடிய தண்ணீர் அதற்கு மேலேயும் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

அதே கட்டுரையில் ஓர் ஓரத்தில் வரும் தகவல்: ஊர்தியின் லேசர் ஒரு பாறையைச் சுட்டு, எழுந்த பொறியின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் ஃபெல்ட்ஸ்பார் நிறையத் தெரிந்தது. ஃபெல்ட்ஸ்பார் ஊறப் போட்டால் தாங்காத கனிமம். நம் மலையில் மழையும் வெக்கையும் சேர்ந்து அதை வெள்ளைக் களிமண்ணாக்கிவிடும். செவ்வாய்ச் சரளையில் அது கெடாமல் நிற்கிறது. ஆக, தண்ணீர் கல்லை உருட்டியது, உருண்டையாக்கியது, ஊற வைக்கவில்லை. வற்றாத ஈரநாட்டு ஆறாக அதைக் கற்பனை செய்யக் கூடாது. குளிர்ந்த வறண்ட நிலத்தில், வந்தால் வந்தது என்று வந்துபோன வெள்ளமாக இருக்கலாம். மூலை உதிர்ந்ததில் ஓட்டம் தெரிகிறது, ஃபெல்ட்ஸ்பார் உதிராததில் அந்த ஓட்டத்தின் எல்லை தெரிகிறது.

இத்தனையும் பழங்கதை. இன்றைக்கு அங்கே தண்ணீர் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கும் ஒரு காலத்தில் ‘ஓடுகிறது’ என்று பதில் வந்தது. காத்மாண்டுவிலிருந்து அரிசோனாவுக்குப் படிக்கப் போன லுஜேந்திர ஓஜா, இளங்கலை மாணவராக இருந்தபோதே, சுற்றுகலத்திலிருந்து எடுத்த படங்களில் செங்குத்துச் சரிவுகளில் கருங்கோடுகள் இருப்பதைக் கவனித்தார். கோடை வந்தால் கோடு நீளும். குளிர் வந்தால் மங்கி மறையும். அடுத்த கோடையில் திரும்ப வரும். 2011-இல் இது கட்டுரையானது. 2015-இல் அந்தச் சரிவுகளில் நீரேறிய பெர்குளோரேட் உப்பின் அடையாளம் கிடைத்தது. அந்த உப்பு கலந்தால் தண்ணீர் கடும் குளிரிலும் உறையாது. செவ்வாயில் இன்றும் உப்புநீர் ஓடுகிறது என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்டன. நம் பத்திரிகைகளும்தான்.

2017-இல் காலின் டண்டாஸும் மற்றவர்களும் அந்தக் கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதை விட்டு, எங்கே முடிகின்றன என்று பார்த்தார்கள். மேல்முனையைப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஊற்றுக்கண் எங்கே என்றுதானே மனம் தேடும். இவர்கள் கீழ்முனையைப் பிடித்தார்கள். ஏறக்குறைய எல்லாக் கோடும் சரிவு சுமார் 27 பாகைக்குக் குறையாத இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதைவிடத் தணிந்த சரிவுக்கு அநேகமாக எதுவும் இறங்கவில்லை. வீடு கட்டுகிற இடத்தில் லாரி கொட்டிய மணல் குவியலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உலர்ந்த மணல் ஒரு சரிவுக்கு மேல் நிற்காது, அதற்குக் கீழே ஓடாது. தண்ணீரோ எவ்வளவு தணிந்த சரிவு கிடைத்தாலும் விடாது, பள்ளத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அந்தக் கோடுகள் பெரும்பாலும் சரிந்து விழும் உலர் மணல் என்ற பக்கம் வழக்கு சாய்ந்தது. கோடையில் ஏன் நீள்கிறது, உப்புக்கு அங்கே என்ன வேலை என்பவை இன்னும் பேச்சில் இருக்கின்றன. ஓடும் தண்ணீரை ஒரு கோடு கொண்டு வந்தது. அதே கோட்டின் கடைசி அங்குலம் திருப்பி எடுத்துக்கொண்டது.

இது நம் பக்கத்துக்கு ரொம்ப அந்நியமான சங்கதி என்றும் சொல்வதற்கில்லை. அம்பைக்குத் தெற்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் மகேந்திரகிரி. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கைத் தள்ளும் விகாஸ் எஞ்சின்களை நிறுத்திவைத்து எரித்துச் சோதிப்பது அங்கேதான். அந்த ராக்கெட்தான் 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யானை ஏற்றிச் சென்றது. 2014 செப்டம்பர் 24 அன்று அது செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். மங்கள்யானின் பாதை மிக நீண்ட நீள்வட்டம். தூரக்கோடியில் 77,000 கிலோமீட்டர் வரை விலகிப் போய்த் திரும்பியது. அதனால்தான் செவ்வாயின் முழு வட்டத்தையும் ஒரே படத்தில் எடுக்க அதற்கு வாய்த்தது. நெருங்கி வந்தபோதும் அதன் கேமராவுக்குப் பிடிபட்ட சின்ன அளவு சுமார் 20 மீட்டர். ஆறு ஓடிய தடம் தெரியும். தடத்தில் கிடக்கும் கல் தெரியாது. தடத்தை 1971-இல் மரினர் 9 போனதிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் அறுத்த பள்ளமா, எரிமலைக் குழம்பு அறுத்ததா என்ற வாதம் நெடுங்காலம் ஓடியது. சக்கரம் வைத்த ஒன்று தரையில் இறங்கி, குனிந்து கல்லைப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது.

குனிந்து பார்த்ததில் சமீபத்தில் கிடைத்தது இன்னும் சின்னது. கேல் பள்ளத்து மலையில் ஏறிக்கொண்டிருக்கும் ஊர்தி, பாறையில் உறைந்த அலைவரிகளைக் கண்டது. 2025-இல் வெளியான ஆய்வின்படி வரியின் உயரம் சுமார் 6 மில்லிமீட்டர், வரிக்கும் வரிக்கும் இடையே 4 முதல் 5 சென்டிமீட்டர். ஆற்றோரம் தெளிந்த ஆழமற்ற தண்ணீரில் மணலைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டத்தில் விழும் வரி ஒரு பக்கம் சரிந்தும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். தண்ணீர் போகும் திசையை அதுவே சொல்லிவிடும். தேங்கிய தண்ணீரில், காற்று தள்ளிய சிற்றலை முன்னும் பின்னும் ஆடி உண்டாக்கும் வரிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். குளத்தோரத்தில் பார்க்கலாம். செவ்வாயில் கிடைத்தது இந்த இரண்டாவது வகை. அதன் இடைவெளியிலிருந்து ஏரியின் ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் காற்று அலையைத் தள்ள முடியாது, வரி விழாது. எனவே அந்தத் தண்ணீர் திறந்து கிடந்தது; அதைத் திறந்து கிடக்க விடும் அளவுக்குக் காற்று அன்றைக்கு அடர்த்தியாக இருந்தது. இன்றைக்கு அங்கே ஒரு சொம்பு தண்ணீரைக் கொட்டினால், அழுத்தம் போதாமல் கொதிப்பதும் உறைவதுமாகத் தீர்ந்துவிடும். ஆறு மில்லிமீட்டர் மேட்டிலிருந்து ஒரு கிரகத்தின் பழைய வானிலையைப் படித்திருக்கிறார்கள்.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துப் போகும் இடம். அங்கே ஒரு மேசை போட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பாபநாசத்துக்கு மேலே மலையடியில் உடைந்த கல் ஒன்று, படித்துறைக் கல் ஒன்று, அம்பைத் திட்டுக் கல் ஒன்று, சேரன்மகாதேவியில் எடுத்தது ஒன்று, கடைசியில் ஸ்ரீவைகுண்டத்து மணல் ஒரு கிண்ணம். மேலே அணைகள் கல்லைத் தடுத்து நிறுத்திவிடுவதால் இனி ஆற்றில் புதுக்கல் அதிகம் இறங்காது. இருப்பதிலிருந்து இடத்துக்கு ஒன்று எடுத்தால் போதும், கூடை கூடையாக வேண்டாம். பக்கத்தில் ஹோட்டாவின் படத்தைக் கல்லின் நிஜ அளவுக்கே பெரிதாக்கி மாட்ட வேண்டும். ‘தொடாதீர்கள்’ பலகை மட்டும் வைக்கக் கூடாது. கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, படத்தில் இருப்பது எந்த ஊர்க் கல்லோடு சேரும் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.